மருந்தின் பெயரறிந்த மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்

காவியத்தை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லில் தவறினால் அதன் சுவை குன்றும். சட்ட நூலை மொழிபெயர்ப்பவர் தவறினால் வழக்கு திசைமாறும். மருத்துவ நூலை மொழிபெயர்ப்பவர் ஒரு மூலிகையின் பெயரில் தவறுவாராயின், அந்நூலை நம்பி மருந்து அரைப்பவர் கையில் நோயாளியின் உயிரே போய்விடும். ஆகவே, மொழிபெயர்ப்புத் துறைகள் அனைத்தினும் மருந்து நூல் பெயர்ப்பே மிகுந்த அச்சத்தோடும் பொறுப்போடும் செய்யப்பட வேண்டியது எனலாம். இப்பொறுப்பினை உணர்ந்து, ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன்பு பக்தாத் நகரில் வாழ்ந்து, கிரேக்க மருத்துவச் செல்வத்தைச் சுரியானி, அரபு ஆகிய இரு மொழிகளிலும் பெயர்த்தளித்த பேரறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஆவார். அவர்தம் வாழ்வையும் பணியையும், மொழி பயிலும் நம் மாணவர் உள்ளத்தில் பதியுமாறு சுருங்கக் கூறுவதே நம் நோக்கம்.

பிறப்பும் சூழலும்

ஈராக் நாட்டில் கூஃபா நகருக்கு அருகில் ஹீரா என்னும் பழம்பதி ஒன்று இருந்தது. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தில் அரபு மன்னர் சிலர் அரசிருந்து ஆண்ட ஊர் அது. அவ்வூரில் வாழ்ந்த கிறித்தவ அரபுக் குடியினர் இபாதியர் எனப்பட்டனர். அக்குடியில் 808-ஆம் ஆண்டளவில் ஹுனைன் பிறந்தார். தந்தை இஸ்ஹாக் மருந்துச் சரக்கு விற்பவர். இன்று நம் ஊர்களில் நாட்டு மருந்துக் கடை நடத்துவோரை ஒத்தவர் என்று கொள்ளலாம். வேரும் பட்டையும் விதையும் பிசினும் நிறைந்த கடையில் வளர்ந்த பிள்ளைக்குப் பொருளை முதலில் அறிந்து அதன் பெயரைப் பின்னர் அறியும் பேறு இளமையிலேயே வாய்த்தது. ஏட்டில் மட்டும் மருந்தைக் கண்ட புலவர்க்கு இல்லாத நன்மை இது.

அவர் இளைஞரான காலத்தில் பக்தாத் உலகின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கிற்று. 762-இல் அப்பாசியர் அடித்தளமிட்ட அந்நகரில் 813 முதல் 833 வரை மஃமூன் கலீபாவாக இருந்தார். கிரேக்கம், பாரசீகம், வடமொழி ஆகியவற்றின் அறிவு நூல்கள் அரபு மொழிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கலீபாவும் அமைச்சரும் மருத்துவரும் செல்வரும் தத்தம் பொருளைச் செலவிட்டு நூல்களைப் பெயர்க்கச் செய்தனர். காகிதம் பெருகியிருந்தமையால் படியெடுத்தலும் எளிதாயிற்று.

ஆசிரியர் அனுப்பிவிட்ட மாணவர்

மருத்துவம் கற்க விரும்பிய ஹுனைன், பக்தாதில் புகழ்பெற்றிருந்த மருத்துவர் யூஹன்னா இப்னு மாஸவைஹ் அவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். ஜுந்திஷாபூர் மருத்துவ மரபில் வந்தவர் அவ்வாசிரியர். ஹுனைனோ கேட்ட பாடத்தைக் கேட்டபடியே ஏற்கும் இயல்பினர் அல்லர். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டார். ஒருநாள் ஆசிரியர் சினங்கொண்டு, ஹீரா நகரத்தார்க்கு மருத்துவம் எதற்கு, காசு மாற்றும் தொழிலே அவர்க்குப் போதுமென இகழ்ந்து வெளியேற்றிவிட்டார் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இளைஞர் கண்ணீரோடு வெளியேறினார்.

இகழ்ச்சியைக் கேட்டு ஒடுங்கிப் போவாரும் உளர். அதனையே ஊன்றுகோலாகக் கொண்டு எழுவாரும் உளர். ஹுனைன் இரண்டாம் வகையினர். மருத்துவத்தின் மூல நூல்கள் கிரேக்கத்தில் இருக்க, அதனை அறியாமல் பிறர் பெயர்ப்புகளை நம்பிக் கற்பது நிறைவாகாது என்று உணர்ந்தார். ஊரை விட்டகன்று கிரேக்க மொழியை ஐயந்திரிபறக் கற்றார். சில ஆண்டுகள் கழித்துப் பக்தாதில் நீண்ட தலைமுடியோடு ஒருவர் ஹோமரின் கவிதைகளைக் கிரேக்க மொழியிலேயே சொல்லிக்கொண்டு நடந்ததைப் பழைய நண்பர் ஒருவர் கண்டார். உற்று நோக்க, அவர் ஹுனைன் என்பது புலனாயிற்று. கலீபாவின் மருத்துவரான ஜிப்ரீல் இப்னு புக்தீஷூ அவருடைய மொழிபெயர்ப்பைக் கண்டு வியந்து பாராட்டினார். முன்பு வெளியேற்றிய ஆசிரியர் யூஹன்னாவும் அப்பெயர்ப்பினைப் படித்துத் திகைத்து, அவரோடு நட்புப் பூண்டார். பின்னாளில் அவ்வாசிரியருக்காகவே ஹுனைன் பல நூல்களைப் பெயர்த்துக் கொடுத்தார். இகழ்ந்த ஆசிரியருக்கு மாணவர் அளித்த விடை இவ்வாறு அமைந்தது.

பிரதிகளை ஒப்புநோக்கும் முறை

ஹுனைனுக்கு முன்னரும் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். 536-இல் மறைந்த செர்ஜியுஸ் என்பார் கிரேக்க மருத்துவ மேதை கேலனின் நூல்கள் பலவற்றைச் சுரியானியில் பெயர்த்திருந்தார். கேலனை அரபியரும் யூனானி மருத்துவரும் ஜாலீனூஸ் என்பர். அப்பழைய பெயர்ப்புகளிற் பல தெளிவற்றும் பிழைபட்டும் இருப்பதை ஹுனைன் கண்டார். பெயர்ப்பவருடைய குறை ஒருபுறம். அவருக்குக் கிடைத்த கிரேக்கப் பிரதியின் குறை மற்றொருபுறம். கையால் எழுதும் காலத்தில் ஒவ்வொரு படியிலும் பிழை புகுவது இயல்பன்றோ!

இதற்கு அவர் கண்ட வழி, இன்றைய பதிப்பாசிரியர்களும் போற்றத்தக்கது. ஒரு நூலைப் பெயர்க்கும் முன் அதன் கிரேக்கப் பிரதிகள் எத்தனை கிடைக்குமோ அத்தனையும் திரட்டினார். அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பிழை களைந்து, திருத்தமான ஒரு மூலத்தை முதலில் உருவாக்கிக்கொண்டார். அதன்பின்னரே பெயர்க்கத் தொடங்கினார். தம் இருபதாவது வயதளவில் குறைபட்ட ஒரே பிரதியைக் கொண்டு கேலனின் நூலொன்றைப் பெயர்த்திருந்தார். நாற்பது வயதை அடுத்தபொழுது மாணவர் ஹுபைஷ் அதனைத் திருத்தித் தரக் கேட்டார். இடைப்பட்ட காலத்தில் சேர்த்திருந்த பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு மூலத்தைச் செம்மை செய்து, தம் பழைய பெயர்ப்பை வரிவரியாகத் திருத்தினார். முன்னோர் பெயர்ப்புகளுக்கு எந்த அளவுகோலைக் கொண்டாரோ, அதனையே தம் இளமைப் பெயர்ப்புக்கும் கொண்டார்.

கேலன் இயற்றிய நிறுவல் முறை பற்றிய பெருநூலொன்றைத் தேடி அவர் மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என நாடு நாடாக அலைந்து, அலெக்சாந்திரியா வரை சென்றார். இறுதியில் டமாஸ்கஸ் நகரில் அந்நூலின் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது; அதுவும் தொடர்ச்சியின்றி இருந்தது. ஒரு நூலின் பாதிக்காக இத்தனை நாடு கடந்த உழைப்பை இற்றை நாளில் எண்ணிப் பார்த்தல் நன்று.

சொல்லும் பொருளும்

பெயர்க்கும் முறையிலும் அவர் புதுவழி வகுத்தார். 14-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸஃபதீ, அரபியரின் மொழிபெயர்ப்பு முறைகளை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். முதலாவது, மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடான ஒரு சொல்லை நிரல்பட வைத்துச் செல்லுதல். இரண்டாவது, ஒரு தொடர் முழுவதையும் படித்து அதன் பொருளை மனத்துட்கொண்டு, தம் மொழியின் இயல்புக்கேற்பப் புதுத் தொடராக எழுதுதல். இந்த இரண்டாம் முறைக்கு ஸஃபதீ காட்டும் முதன்மையான சான்று ஹுனைனே ஆவார். எல்லாச் சொல்லுக்கும் எல்லா மொழியிலும் ஈடு கிடையாது. தொடர் அமைப்பும் மொழிக்கு மொழி வேறுபடும். ஆதலால் முதல் முறையில் எழுந்த பெயர்ப்புகள் பொருள் மயக்கம் தந்தன.

ஆயினும் கலைச்சொல் என்று வரும்போது பொருளை மட்டும் விரித்துரைத்தல் போதாது. உறுதியான ஒரு சொல் வேண்டும். கண்ணின் உட்புறப் படலமொன்றைக் கிரேக்கர் வலைபோன்றது எனும் பொருளில் அழைத்தனர். கண் மருத்துவம் பற்றிய தம் நூலில் ஹுனைன் அதனை வலை எனப் பொருள்படும் ஷபகா என்னும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயரால் குறித்தார். பின்னர் இலத்தீனில் பெயர்த்தோரும் வலையைக் குறிக்கும் தம் சொல்லினின்றே ரெட்டினா என்னும் பெயரை அமைத்தனர். கொம்பு போன்று ஒளிபுகும் முன்படலம் அரபியில் கொம்பின் பெயராலேயே கர்னிய்யா ஆயிற்று. இலத்தீனில் அது கார்னியா. இன்று கண் மருத்துவமனைகளில் நாள்தோறும் வழங்கும் இவ்விரு சொற்களின் பின்னே, பொருளறிந்து பெயரிட்ட பழைய மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு இருக்கிறது.

பெயரறியா மருந்துகள்

உறுப்பின் பெயரைப் பொருளால் பெயர்க்கலாம். மூலிகையின் பெயரை அவ்வாறு பெயர்த்தல் இயலுமா? அங்கேதான் இடர் தொடங்குகிறது. ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும். ஒரே பெயரால் இருவேறு செடிகளும் வழங்கும். நாம் உண்ணும் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஹெம்லாக் என்னும் கொடிய நச்சுச் செடியும். பெயர் பிறழ்ந்தால் மருந்து நஞ்சாகும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதிஸ், மருந்துப் பொருள்களைப் பற்றி ஐந்து பகுதிகளாக ஒரு பெருநூல் எழுதியிருந்தார். ஏறத்தாழ 600 மூலிகைகளை விளக்கும் நூல் அது. 847 முதல் 861 வரை ஆண்ட கலீபா முதவக்கில் காலத்தில், ஹுனைனின் குழுவைச் சேர்ந்த இஸ்திஃபான் இப்னு பஸீல் அதனைக் கிரேக்கத்திலிருந்து அரபியில் பெயர்த்தார். ஹுனைன் அதனை முழுவதும் படித்துத் திருத்தி ஒப்புதல் அளித்தார்.

அப்பெயர்ப்பில் கையாண்ட நெறியினை 10-ஆம் நூற்றாண்டு மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் நமக்குத் தெரிவிக்கிறார். அரபுப் பெயர் உறுதியாகத் தெரிந்த மருந்துகளுக்கு இஸ்திஃபான் அரபுப் பெயர் இட்டார். தெரியாதவற்றைக் கிரேக்க ஒலியிலேயே அரபு எழுத்தில் எழுதி வைத்தார். தமக்குப் பின் இறைவன் ஒருவரை அனுப்புவான், அவர் இவற்றை அறிந்து விளக்குவார் என்ற நம்பிக்கையோடு அவ்வாறு விட்டார். ஊகித்து ஒரு பெயரை எழுதியிருந்தால் நூல் அழகாக நிறைவுற்றிருக்கும்; படிப்போர் எவரும் குறைகூறியிருக்கவும் மாட்டார். ஆயினும் அவ்வூகத்தின் விலையை எங்கோ ஒரு நோயாளி கொடுக்க நேர்ந்திருக்கும். அறிந்ததைப் பெயர்த்து, அறியாததை அறியாததென்றே காட்டி வைத்த அப்பெயர்ப்புக்குத்தான் ஹுனைன் தம் ஒப்புதலை அளித்தார். மொழிபெயர்ப்பு வரலாற்றில் இதனினும் உயர்ந்த நேர்மையைக் காண்டல் அரிது என்பது நம் கருத்து.

நஞ்சு கேட்ட வேந்தர்

இந்நேர்மை எழுத்தளவில் நின்றுவிட்டதா, வாழ்விலும் இருந்ததா என வினவுவோர்க்கு விடையாகப் பழைய நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. கிரேக்கம் அறிந்த ஹுனைன், பகைநாடான பைசாந்தியத்துக்கு உளவாளியாக இருப்பாரோ என்ற ஐயம் கலீபாவின் உள்ளத்தில் எழுந்தது. ஆகவே, தம் பகைவன் ஒருவனை யாரும் அறியாமல் கொல்லத்தக்க நஞ்சு ஒன்றைச் செய்து தருமாறு பெரும்பரிசு காட்டிக் கேட்டார். தாம் கற்றவை நன்மை பயக்கும் மருந்துகளே என்றும் பிறவற்றைக் கற்கவில்லை என்றும் ஹுனைன் மறுத்தார். ஓராண்டு சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலும் அவர் மொழிபெயர்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். மீண்டும் அழைத்து, ஒருபுறம் பொற்குவியலையும் மறுபுறம் வாளையும் வைத்துக் கேட்டபோதும் அவர் விடை மாறவில்லை. இதன்பின் கலீபா, தாம் சோதித்ததே அது எனக் கூறி, மறுத்ததன் காரணத்தை வினவினார். பகைவர்க்கும் நன்மை செய்யச் சொல்லும் தம் சமயமும், மனித நலத்துக்கென்றே அமைந்த தம் தொழிலும் ஆகிய இரண்டும் தம்மைத் தடுத்தன என்பது ஹுனைன் அளித்த விடை. நஞ்சறியாதவர் அல்லர் அவர். நஞ்சு பற்றிய நூல்களும் அவர் காலத்தில் வழங்கியவையே. அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

நூல்களை இழந்த நூலாளர்

ஹுனைனின் வாழ்வு இன்பமே நிறைந்ததன்று. மூஸாவின் மைந்தர் எனப் புகழ்பெற்ற கணித அறிஞர் சகோதரர் அவரையும் பிறரையும் ஆதரித்து மாதந்தோறும் 500 தீனார் வரை வழங்கினர் என்பர். கலீபா மஃமூன் அவருக்குப் பெயர்ப்பின் எடைக்கு எடை பொன் அளித்தார் என்னும் கதையும் வழங்குகிறது. இத்தகைய பெருமை அழுக்காற்றையும் உடன் கொணர்ந்தது. அரண்மனை மருத்துவர் சிலரின் சூழ்ச்சியால் அவர் சிறைப்பட்டுத் துன்புற்ற செய்தி பழைய நூல்களில் காணப்படுகிறது.

வாழ்நாள் முழுவதும் நாடு நாடாகச் சென்று சேர்த்த நூல்கள் அனைத்தையும் அவர் ஒருசேர இழந்தார். அதன் பின்னர், அலீ இப்னு யஹ்யா என்னும் நண்பர், கேலனின் நூல்களுள் எவை எவை யார் யாரால் பெயர்க்கப்பட்டன என்று ஒரு பட்டியல் தருமாறு வேண்டினார். கையில் நூலேதும் இல்லாத நிலையில், 856-ஆம் ஆண்டளவில், நினைவிலிருந்தே ஹுனைன் அதனை எழுதினார். 129 நூல்களைக் கூறும் அத்திருமுகத்தில் ஒவ்வொரு நூலையும் யார், யாருக்காக, எத்தகைய பிரதியைக் கொண்டு பெயர்த்தார், அப்பெயர்ப்பு நன்றா தீதா என்பனவெல்லாம் உள்ளன. கேலனின் நூல்களுள் சுரியானியில் நூறளவும் அரபியில் நாற்பதளவும் அவரே பெயர்த்தவை. எஞ்சியவற்றுள் மிகுதியானவற்றை மகன் இஸ்ஹாக், உடன்பிறந்தாள் மகன் ஹுபைஷ், மாணவர் ஈஸா இப்னு யஹ்யா முதலியோர் செய்தனர். இஸ்தான்புல் நூலகத்தில் கிடைத்த அத்திருமுகத்தை ஜெர்மானிய அறிஞர் பெர்க்ஷ்ட்ரேசர் 1925-இல் பதிப்பித்தார்.

மொழிபெயர்ப்போடு, மாணவர்க்கென வினா விடை முறையில் மருத்துவ நூலொன்றும், கண் மருத்துவம் பற்றிப் பத்து இயல்களும் அவர் இயற்றினார். வினாக் கேட்டதற்காக வெளியேற்றப்பட்டவர் வினாக்களாலேயே மருத்துவம் கற்பித்தமை எண்ணி மகிழத்தக்கது. 873-இல் அவர் மறைந்தார்.

பிற்காலப் பயன்

இஸ்திஃபானின் நம்பிக்கை வீண்போகவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, பைசாந்தியப் பேரரசர் ஸ்பெயின் நாட்டில் கொர்தோபா நகரின் ஆட்சியாளர் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் படங்களோடு கூடிய தியோஸ்கோரிதிஸின் கிரேக்க நூலை அன்பளிப்பாக அனுப்பினார். அங்குக் கிரேக்கம் அறிந்தார் இல்லை. வேண்டுகோளுக்கிணங்க, நிக்கோலாஸ் என்னும் துறவி 951-இல் வந்து சேர்ந்தார். அக்கிறித்தவத் துறவியும், ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவரும், முஸ்லிம் மருத்துவர் பலரும் கூடியமர்ந்து, பக்தாதில் பெயர் தெரியாது விடப்பட்ட மருந்துகளைச் செடியோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டனர். சிறப்பில்லாத பத்தளவு மருந்துகள் தவிர மற்றவை யாவும் தெளிவாயின. பக்தாதில் ஒலியை மட்டும் பிழையின்றி எழுதி வைத்தமையாலன்றோ கொர்தோபாவில் பொருளைக் காண முடிந்தது! அவர்களோடு பழகிய இப்னு ஜுல்ஜுல் 982-இல் அம்மருந்துப் பெயர்களுக்கு விளக்க நூல் எழுதினார். 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அல்பைத்தார் ஏறத்தாழ 1,400 மருந்துகளை அகரவரிசையில் தொகுத்தார். வழிவழி வந்த அவ்வுழைப்பின் அடிப்படை பக்தாதில் இடப்பட்டது.

ஹுனைனின் வினாவிடை நூல் இலத்தீனில் சென்று, யொஹன்னித்தியுஸ் என்னும் பெயரால் இத்தாலியின் சலேர்னோ முதலாய மருத்துவப் பள்ளிகளில் தொடக்கப் பாடமாக விளங்கிற்று. கிரேக்க மூலம் அழிந்துபோன கேலனின் உடற்கூற்று இயல்கள் சில, இன்று ஹுனைன் குழுவினரின் அரபுப் பெயர்ப்பிலேயே எஞ்சியுள்ளன. நம் நாட்டில் இன்றும் வழங்கும் யூனானி மருத்துவம், கிரேக்கர்க்குரியது எனும் பொருளுடைய அப்பெயராலேயே தன் வழிமரபைச் சொல்லி நிற்கிறது. கிரேக்கத்தின் ஓப்பியோன் அரபியில் அஃப்யூன் ஆகி, வடபுல மொழிகளின் வழியே தமிழில் அபின் ஆகியதும் அத்தொடர்பின் சுவடே.

மாணவர்க்கு ஒரு சொல்

இன்று மருந்துத் துறையில் புதிய சொற்கள் பல பிறக்கின்றன. ஒரு நாட்டில் எழுதப்படும் செய்முறைக் குறிப்பு மற்றொரு நாட்டு மொழியில் பெயர்க்கப்படுகிறது. மாத்திரையின் உறையிலும் மருந்துச் சீட்டிலும் தமிழ் இடம்பெற வேண்டுமென நாம் விரும்புகிறோம், விரும்புதல் முறையே. அப்பணிக்கு நாளை செல்லப்போகும் மாணவர், ஹுனைனிடம் கற்க வேண்டியவை மூன்று உள்ளன. மூலம் திருத்தமானதா என முதலில் தேர்தல் வேண்டும். சொல்லுக்கு முன் பொருளைக் கண்ணால் காணல் வேண்டும். அறியாத பெயரை அறிந்ததுபோல் எழுதாது, அறிவார் வரும்வரை உள்ளவாறே விட்டு வைத்தல் வேண்டும். அழகிய தமிழ்ச்சொல் ஒன்றைப் படைத்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சி, அச்சொல்லை நம்பி மருந்துண்பவரின் நலத்தினும் பெரிதன்று.

கிறித்தவராகப் பிறந்து, முஸ்லிம் ஆட்சியாளரின் ஆதரவில், கிரேக்கர் அறிவை உலகுக்கு வழங்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக், அறிவுக்கு வேலியில்லை என்பதற்கும், அறிவாளிக்கு மனச்சான்றென்னும் வேலி இன்றியமையாதது என்பதற்கும் ஒருசேரச் சான்றாக நிற்கிறார். அவர் பெயரை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. அவர் நெறியைத் தம் எழுத்திற் கொள்வாராக.